ஈரச் சாலையில் சுழன்ற எவோ: இரண்டு புது டயர், அரித்துப்போன பம்ப், ஒரு சென்டர் டிஃபரன்ஷியல்

வண்டி, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 10. லான்சரையும் சீடியாவையும் திருவள்ளூர் ஆலையில் கட்டி விற்ற இந்துஸ்தான் மோட்டார்ஸ், 2010-ல் இந்த எவோவை முழு வண்டியாக இறக்குமதி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு லிட்டர் டர்போ இன்ஜின், 245/40 ஆர்18 டயர், 2,650 மி.மீ. வீல்பேஸ். ஆய்வுக்கு வந்த வண்டி நீலாங்கரையில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, கூரை இல்லாத இடத்தில் நிற்பது. இந்தக் கடைசி விவரம் பிறகு தேவைப்படும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம். கோவளத்திலிருந்து சென்னை நகரை நோக்கி ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) வந்துகொண்டிருந்த வண்டி ஒரு நீண்ட இடது வளைவில் சுழன்றது. வேகம் 80-ஐ ஒட்டி. மழை பலமாக இல்லை, ஆனால் சாலையில் தண்ணீர் தேங்கி நின்றது. முதலில் வண்டியின் மூக்கு வளைவுக்கு வெளியே, நடுத்தடுப்பை நோக்கி ஓடியது. ஓட்டியவர் ஸ்டியரிங்கை இன்னும் இடதுபுறம் ஒடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தார். அடுத்த கணம் முன்டயர் பிடித்தது, பின்பக்கம் வலப்புறமாக வீசியது, வண்டி பாதிச் சுற்று சுற்றி எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. பின்னால் வேறு வண்டி இல்லாததால் யாருக்கும் அடியில்லை. நின்றபோது மீட்டர் திரையில் எஸ்-ஏ.டபிள்யூ.சி. (நாலு சக்கர இழுவையின் கட்டுப்பாட்டு அமைப்பு) சர்வீஸ் எச்சரிக்கை எரிந்துகொண்டிருந்தது.

இதற்கு முன்பே இரண்டு அறிகுறிகள் இருந்திருக்கின்றன. அதே எச்சரிக்கை சில வாரங்களாக வருவதும், சாவியை அணைத்துப் போட்டால் மறைவதுமாக இருந்தது. மெதுவான யூ-டர்னில் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு முனகல் சத்தம். அதைக் கேட்ட ஒரு பணிமனை, சென்டர் டிஃபரன்ஷியல் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பிரிப்பது) போய்விட்டது, அது அடங்கிய டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டது. உரிமையாளரின் கேள்வி வேறு: நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, பின்னால் புது டயர், சறுக்கினால் தானாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் ஆனில்தான் இருந்தது, பிறகு ஏன் சுழன்றது?

விடை ஒரே பாகத்தில் இல்லை. மூன்று தனித்தனிக் குறைகள் ஒரே வளைவில் சந்தித்திருக்கின்றன. முனகலுக்குக் காரணமோ இந்த மூன்றிலும் சேராத நாலாவது.

சென்டர் டிஃபரன்ஷியல் செய்வதும் செய்யாததும்

எவோவின் சென்டர் டிஃபரன்ஷியலான ஏ.சி.டி. அமைப்பில் இரண்டு பகுதிகள். ஒன்று, சாதாரண பெவல் கியர் டிஃபரன்ஷியல். இது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் முறுக்குவிசையைச் சரிபாதியாகப் பிரிக்கும். இன்னொன்று, அதனுடன் இணையாக அமைந்த பல தட்டு கிளட்ச். ஹைட்ராலிக் அழுத்தம் ஏறினால் தட்டுகள் இறுகி முன்னையும் பின்னையும் ஒன்றாகக் கட்டும். அழுத்தம் சுழியமானால் வெறும் திறந்த டிஃபரன்ஷியல்தான் மிச்சம். 2001-ல் எவோ 7-ல் வந்த இந்த ஏற்பாடே எவோ 10 வரை தொடர்ந்தது. எவோ 10-ல் இதனுடன் பின் அச்சில் இடவலம் விசையை மாற்றும் ஏ.ஒய்.சி., பிரேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் ஒரே கட்டுப்பாட்டில் சேர்ந்து எஸ்-ஏ.டபிள்யூ.சி. ஆயின.

இங்கே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். கிளட்ச் எப்போதும் வேகமாகச் சுழலும் பக்கத்திலிருந்து விசையை எடுத்து மெதுவாகச் சுழலும் பக்கத்துக்குக் கொடுக்கும். முன் அச்சு வழுக்கி வேகமாகச் சுழன்றால் விசை பின்னுக்குப் போகும். பின் அச்சு வழுக்கினால் முன்னுக்கு வரும். டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பை ஒரு துளிகூட அது கூட்டாது. இருக்கிற பிடிப்பை எந்த அச்சில் எவ்வளவு செலவழிப்பது என்பதை மட்டுமே மாற்றும். நாலு சக்கர இழுவை புறப்படும்போதும் வளைவிலிருந்து வெளியேறும்போதும் உதவும். பிரேக் பிடிக்கவோ வளைவுக்குள் நுழையவோ அதனால் எந்தச் சலுகையும் கிடையாது.

வளைவில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே தூரம் ஓடுவதில்லை. பின் அச்சின் நடு 5 மீட்டர் ஆரத்தில் சுற்றினால், 2.65 மீட்டர் முன்னே இருக்கும் முன் அச்சின் நடு 5.66 மீட்டர் ஆரத்தில் சுற்றும். அதாவது 13 சதவீதம் கூடுதல். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இதே வித்தியாசம் 0.14 சதவீதம்தான். குறுகிய யூ-டர்னில் கிளட்ச் தளர்ந்தே ஆக வேண்டும், நெடுஞ்சாலை வளைவில் அது இறுகியிருந்தாலும் பெரிய தொந்தரவு இல்லை என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. கட்டுப்பாட்டுக் கணினி ஸ்டியரிங் கோணத்தையும் நான்கு சக்கர வேகங்களையும் பார்த்துத்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அந்தத் தகவலே பொய்யாக இருந்தால் தீர்மானமும் பொய்தான்.

இரண்டு டயர் மட்டும் மாற்றியதால்

ஜாக்கி போடுவதற்கு முன்பே டயரை அளந்தோம். டிரெட் ஆழமானியை ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளிக் காடிகள் மூன்றிலும் வைத்துப் பார்த்ததில் முன் இரண்டும் சராசரி 3 மி.மீ., பின் இரண்டும் கிட்டத்தட்ட 8 மி.மீ. இந்தியச் சட்டப்படி 1.6 மி.மீ. வரை டயர் ஓடலாம். எனவே முன்டயர் சட்டத்துக்கு உட்பட்டதே. டயர் கடைக்காரர் செய்ததும் பொதுவாகச் சரியான காரியம். இரண்டு புது டயர் வாங்கினால் பின்னால் போடு என்பது இரு சக்கர இழுவைக் கார்களுக்கு நல்ல அறிவுரை. நாலு சக்கர இழுவைக்கு மட்டும் அது பொருந்தாது.

தையற்காரர் நாடாவை டயரின் நடுவில் சுற்றிச் சுற்றளவையும் எடுத்தோம். காற்று சமமாக, டயர் குளிர்ந்த நிலையில், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து அளக்க வேண்டும். பின்டயர் 2,050 மி.மீ., முன்டயர் 2,019 மி.மீ. வித்தியாசம் 31 மி.மீ. கணக்கும் இதையே சொல்கிறது. 245/40 ஆர்18 புது டயரின் விட்டம் 653 மி.மீ. டிரெட் 5 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 10 மி.மீ. குறையும், சுற்றளவு 31 மி.மீ. குறையும், சதவீதத்தில் 1.5. சாலையில் உருளும்போது உள்ளே உள்ள ஸ்டீல் பெல்ட் சுற்றளவைக் கட்டிப்பிடிப்பதால் உண்மையான வேறுபாடு இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனால் போக்கு மாறாது.

1.5 சதவீதம் சின்னதாகத் தோன்றும். கிலோமீட்டருக்கு முன்சக்கரம் 495 சுற்றும், பின்சக்கரம் 488 சுற்றும் சுற்றுகிறது. இனி மேலே சொன்ன வளைவுக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். முன் அச்சு பின் அச்சைவிட 1.5 சதவீதம் கூடுதலாகச் சுற்றுவது, சரியான டயர் போட்ட வண்டி 15 மீட்டர் ஆரத்தில் வளையும்போதுதான். அதாவது இந்த வண்டி திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை நேராக ஓடினாலும், அதன் சென்டர் டிஃபரன்ஷியலைப் பொறுத்தவரை வழி முழுக்க ஒரு தெருமுனைத் திருப்பத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

விளைவுகள் வரிசையாக வரும். கட்டுப்பாட்டுக் கணினிக்கு முன்சக்கரம் லேசாக வழுக்குவதுபோலவே எப்போதும் தெரிகிறது. எனவே தேவையில்லாத இடத்திலும் கிளட்சை இறுக்கப் பார்க்கும், பம்ப் அடிக்கடி ஓடும். தட்டுகள் நேர்ச்சாலையிலேயே உரசிச் சூடாகும். இறுகியிருக்கும்போது முன் அச்சு பின் அச்சின் வேகத்துக்கு இழுத்துப் பிடிக்கப்படும். முன்டயரில் ஓயாத ஒரு சின்ன பிரேக், பின்டயரில் ஓயாத ஒரு சின்ன இழுவை. ஏற்கெனவே தேய்ந்த முன்டயர் இதனால் இன்னும் வேகமாகத் தேயும். ஈரத்தில், வளைவதற்குத் தேவையான பிடிப்பில் ஒரு பங்கை இந்தச் சண்டையே தின்றுவிடும்.

எவ்வளவு வித்தியாசம் வரை தாங்கும்? சுபாரு தன் நாலு சக்கர இழுவைக் கார்களுக்குச் சொல்லும் வரம்பு, நான்கு டயர்களின் சுற்றளவிலும் கால் அங்குலம், அதாவது 6.4 மி.மீ. டிரெட் ஆழத்தில் அது ஏறக்குறைய 1 மி.மீ. எவோவுக்கும் இதையே பிடித்துக்கொள்வது பாதுகாப்பு. இந்த வண்டியில் இருந்தது அதைப் போல் ஐந்து மடங்கு.

பம்ப்

வண்டியின் கணினியில் பதிவான குறைகளைப் படிக்கும் சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனரில் இந்த வண்டி சுத்தம் என்றே வந்தது. அது இன்ஜின் கணினியோடு மட்டும் பேசும். எஸ்-ஏ.டபிள்யூ.சி. கணினியைப் படிக்க மிட்சுபிஷியின் எம்.யூ.டி.-3 அல்லது அதற்கு நிகரான மென்பொருள் வேண்டும். அதில் ஹைட்ராலிக் அழுத்தம் போதவில்லை என்ற குறை பதிவாகியிருந்தது.

எவோ 10-ல் ஏ.சி.டி.க்கும் ஏ.ஒய்.சி.க்கும் பொதுவான மின்சாரப் பம்ப் வலது பின்சக்கரத்துக்குப் பின்னால், பம்பருக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த மாடலின் ஊரறிந்த பலவீனம் இது. சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீரும் மணலும் அங்கேதான் போய்ச் சேரும். பனிக்கு உப்பு தூவும் நாடுகளில் இந்தப் பம்ப் அரித்துப்போவது சகஜம். சென்னைச் சாலையில் யாரும் உப்பு தூவுவதில்லை, கடற்காற்றே அந்த வேலையைப் பார்க்கிறது. அதோடு முழங்கால் அளவுத் தண்ணீரில் வண்டியை ஓட்டிப் போகும் பழக்கமும் இந்த ஊரில் உண்டு.

சக்கரத்தையும் உள் லைனரையும் கழற்றியதும் அலுமினிய உடம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது தெரிந்தது. கனெக்டரைப் பிரித்தால் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. மழைக்காலத்தில் வரும் மின்குறைகளில் பாதி இங்கேயே முடிந்துவிடும் என்பதால் பம்பைக் குறைசொல்வதற்கு முன் வோல்டேஜ் பார்த்தோம். பேட்டரியில் 12.6 வோல்ட். பம்பை ஓடவிட்டு அதன் கனெக்டரில் அளந்தால் 9.8. சும்மா இருக்கும்போது அங்கேயும் 12.6 காட்டியதைக் கவனிக்க வேண்டும். லோடு இல்லாமல் அளந்து, கரண்ட் வருகிறது, பம்ப்தான் செத்தது என்று முடிவு கட்டுபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். 2.8 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கொஞ்சம் கனெக்டரில், பெரும்பகுதி எர்த் முனையில்.

எர்த் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, புது லக் போட்டு, கனெக்டர் முனைகளை மாற்றியபின் லோடில் 12.1 வந்தது. ஆனாலும் அழுத்தம் ஏற வேண்டிய நேரத்துக்குள் ஏறவில்லை. மோட்டாருக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. எர்த் மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால் எச்சரிக்கை சில வாரம் மறைந்து, அடுத்த மழையில் திரும்பி வந்திருக்கும்.

அழுத்தம் போனால் கணினி ஏ.சி.டி.யையும் ஏ.ஒய்.சி.யையும் கைவிட்டுவிடும். சென்டர் டிஃபரன்ஷியல் திறந்துகொள்ளும். வண்டி அப்போதும் ஓடும், மெதுவாக ஓட்டினால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் இந்த எச்சரிக்கையை அலட்சியப்படுத்திவிடுகிறார்கள். சாவியைத் திருப்பினால் மறைகிறது என்பது குறை சரியானதற்கு அடையாளம் இல்லை. கணினி மறுபடி சோதிக்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவே.

முனகல் வந்த இடம்

டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டதா என்று பார்க்கப் பிரிக்க வேண்டியதில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி நான்கு சக்கரமும் தொங்கும்படி வையுங்கள். இன்ஜின் அணைந்து, கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலை. இரண்டு பேர் முன்சக்கரங்கள் இரண்டையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்ற வேண்டும். லேசான உரசலோடு சுற்றினால் சென்டர் கிளட்ச் ஒட்டிக்கொள்ளவில்லை. சுற்றவே மறுத்தால் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. முன்சக்கரம் ஒன்றை மட்டும் பிடித்தால் இந்தச் சோதனை செல்லாது. முன் டிஃபரன்ஷியல் வழியாக மற்றது சுழன்று நம்மை ஏமாற்றிவிடும்.

இந்த வண்டியில் ஷாஃப்ட் சுற்றியது. எனவே பெரும் செலவு வைக்கவிருந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் நன்றாகவே இருக்கிறது. முனகல் பின் டிஃபரன்ஷியலிலிருந்து வந்தது. ஏ.ஒய்.சி.யிலும் எண்ணெயில் நனையும் கிளட்ச் தட்டுகள் உண்டு. அதற்கு எல்.எஸ்.டி.க்கான (வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலுக்கான) கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வடித்துப் பார்த்தபோது வந்தது சாதாரண கியர் ஆயில், கறுத்துப் போயிருந்தது. சரியான ஆயிலை மாற்றி, காலி மைதானத்தில் மெதுவாக எட்டு வடிவில் இரு பக்கமும் சுற்றியபின் சத்தம் நின்றது.

வளைவில் நடந்தது

தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. நாஸாவின் விமான டயர் ஆய்விலிருந்து வந்த சூத்திரப்படி 32 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு 94 கி.மீ. டிரெட் தேய்ந்த அகல டயர் அதற்குக் கீழேயே மிதக்கும். 80-ல் 3 மி.மீ. முன்டயர் மிதக்கத் தொடங்கியதும், 8 மி.மீ. பின்டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு பிடித்து ஓடியதும் எதிர்பார்க்கக்கூடியதே. மூக்கு வெளியே ஓடியதற்கு இதுதான் காரணம்.

அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை இன்னும் ஒடித்தால் மிதக்கும் டயருக்கு அது தெரியாது, தண்ணீர் குறைந்த இடத்துக்கு வந்ததும் மொத்தமாகத் தெரியும். காலை எடுத்ததில் எடை முன்னுக்குச் சாய்ந்தது, பின் அச்சு இலேசானது. அளவுக்கு மேல் ஒடித்து வைத்திருந்த முன்டயர் திடீரென்று பிடித்ததும் வண்டி அந்தக் கோணத்துக்கு வெட்டித் திரும்பியது.

பம்ப் நன்றாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சென்டர் இறுகியிருந்தால், சிறிய முன்டயரும் பெரிய பின்டயரும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டாயப்பட்டு, இன்ஜின் பிரேக்கின் பெரும்பகுதி முன் அச்சிலேயே விழுந்திருக்கும். பின்பக்கம் ஓரளவு அமைதியாக இருந்திருக்கும். அழுத்தம் போய்த் திறந்துகொண்டதால் இன்ஜின் பிரேக் சரிபாதியாகப் பின்னுக்கும் போனது, எடை குறைந்த அதே கணத்தில். சுழற்சியை எதிர்க்கும் ஏ.ஒய்.சி.யும் இல்லை. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தனியாகப் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு போராட வேண்டியதாயிற்று, அதுவும் தண்ணீரில்.

எங்கள் எடைபோடல்: தொடக்கம் டயர், பெரிதாக்கியது காலைச் சட்டென்று எடுத்தது, தடுக்க முடியாமல் போனது பம்ப். சுழலும்போது ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் மோடு டார்மாக்கில், அதாவது உலர்ந்த சாலைக்கான நிலையில் இருந்ததும் ஒரு காரணம், ஆனால் இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வரும்.

சரிசெய்த விதம்

பின்டயர்கள் அதிகம் ஓடாதவை, ஆழம் இன்னும் 7.8 மி.மீ. எனவே நான்கையும் மாற்றவில்லை. அதே பிராண்ட், அதே மாடல், அதே அளவில் இன்னும் இரண்டு வாங்கி முன்னால் போட்டோம். சுற்றளவு வித்தியாசம் 2 மி.மீ.க்குள் அடங்கியது. அந்த மாடல் கிடைக்காமல் போயிருந்தால் நான்கும் புதிதாகவே வாங்கியிருக்க வேண்டும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி டயரின் உண்மைச் சுற்றளவு மாறும். பத்து மி.மீ. வித்தியாசம் சர்வசாதாரணம்.

பம்ப் தொகுதி புதிது. ஹைட்ராலிக்குக்கு மிட்சுபிஷி குறிப்பிடும் ஏ.டி.எஃப். எஸ்.பி.-3 (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மட்டும். பிரேக் ஆயிலையோ ஏதோ ஒரு பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் சீல்கள் போய்விடும். காற்றெடுப்பதுதான் பொறுமை கேட்கும் வேலை. பிரேக்குக்குச் செய்வதுபோல் பெடலை மிதித்து எடுக்க முடியாது. ஸ்கேனர் வழியாகப் பம்பை ஓடவைத்து, ஏ.ஒய்.சி.யின் இடது, வலது நிப்பிள்களிலும் ஏ.சி.டி. நிப்பிளிலும் ஒவ்வொன்றாகக் குமிழி நிற்கும்வரை எடுக்க வேண்டும். இடையில் தொட்டி வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் ஆயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் தொட்டியை மட்டும் பார்த்துக்கொள்வது நல்லது. காற்று மிச்சமிருந்தால் அழுத்தம் ஏறும், ஆனால் தாமதமாக ஏறும். எச்சரிக்கை வராது. வளைவில் மட்டும் வண்டியின் போக்கு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கும். கண்டுபிடிக்க மிகக் கடினமான குறை அதுதான்.

கடைசியாக வீல் அலைன்மென்ட். முன்பு டயர் மாற்றியபோது செய்த அலைன்மென்டில் ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை. நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கொஞ்சம் சாய்ந்திருந்தால் சாதாரணக் காரில் அது கண்ணுக்கு உறுத்தல், இந்தக் காரில் கணினிக்குத் தவறான தகவல். அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டியரிங் கோண சென்சாரின் நடுப்புள்ளியை ஸ்கேனரில் மறுபடி பதிய வேண்டும். இதைக் கேட்டு வாங்காவிட்டால் அலைன்மென்ட் கடைகளில் யாரும் செய்வதில்லை.

எந்த மோடு, எப்போது

எவோ 10-ல் ஸ்டியரிங்கில் உள்ள ஸ்விட்சால் மூன்று மோடுகள். மிட்சுபிஷியின் விளக்கப்படி டார்மாக் உலர்ந்த தார்ச்சாலைக்கு, கிராவல் ஈரச் சாலைக்கும் கரடுமுரடான சாலைக்கும், ஸ்நோ பனிக்கு. மழை பெய்யும் தார்ச்சாலை கிராவல் மோடில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜல்லி ரோட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்து அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டார்மாக்கிலேயே ஓட்டுகிறார்கள். சாலை நனைந்ததும் கிராவல், காய்ந்ததும் டார்மாக். ஸ்நோவுக்குச் சென்னையில் வேலை இல்லை.

மோடை வளைவின் நடுவில் மாற்றாதீர்கள், நேர்ச்சாலையில் மாற்றுங்கள். ஈர வளைவில் மூக்கு வெளியே ஓடினால் ஸ்டியரிங்கை மேலும் ஒடிக்காமல், முடிந்தால் சிறிது திருப்பி எடுத்து, ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பின்பக்கம் வீசினால் போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை அங்கே கொண்டுபோய், காலை முழுதாக எடுக்காமல் இலேசாக வைத்திருக்க வேண்டும். இதை ஈ.சி.ஆரில் பழகக்கூடாது. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. டிராக் இருக்கிறது. அங்கே டிராக் நாளில் பணம் கட்டிப் பழகுவது ஒரு பம்பரைவிட மலிவு.

சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. வைத்திருப்பவர்கள் சென்னையில் மிகச் சிலர், எல்லாம் தனிப்பட்ட இறக்குமதி. அதன் சென்டர் டிஃபரன்ஷியலான டி.சி.சி.டி. முதலில் 1994-ல் வந்தது. அமைப்பு வேறு: பிளானட்டரி கியர், மின்காந்தக் கிளட்ச், ஓட்டுநர் விரலால் உருட்டும் சக்கரம். பிற்கால மாடல்களில் அடிப்படைப் பங்கீடு முன்னுக்கு 41, பின்னுக்கு 59. எனவே திறந்த நிலையில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எவோவைவிடப் பின்பக்கம் எளிதாகத் திரும்பும். ஆட்டோவில் மூன்று நிலைகளும் மேனுவலில் ஆறு படிகளும் உண்டு. மழை வந்தால் மேனுவலில் போட்டு முழுதாக லாக் செய்துவிடு என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். முழு லாக்கில் வளைவுக்குள் நுழையும்போது முன்னும் பின்னும் ஒன்றாகக் கட்டப்பட்டு மூக்கு வெளியே தள்ளும். ஈரத்துக்கு ஆட்டோ பிளஸ் போதும். முழு லாக்குக்கு உண்மையான வேலை, ஈ.சி.ஆர். ஓரத்து மணலில் சக்கரம் புதைந்தால் நேராக வெளியே வருவது. வந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும். அதே லாக்கோடு உலர்ந்த சாலையில் யூ-டர்ன் அடித்தால் டயர் துள்ளும், கியர்களில் முறுக்கேறும்.

ஜெர்மன் ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் சென்டர் டிஃபரன்ஷியலே கிடையாது, பின் அச்சுக்கு ஒரு கிளட்ச் மட்டும். சரிசெய்ய ஒன்றும் இல்லாவிட்டாலும் டயர் சுற்றளவு விதி அவற்றுக்கும் அப்படியே.

இந்த வண்டியில் இனி

டயர்களை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் நாடாவால் சுற்றளவு எடுத்துக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறோம். ஒரு டயர் மட்டும் பஞ்சராகி வீணானால், புதிதாக வாங்கும் ஒன்றை மற்ற மூன்றின் அளவுக்கு டயர் கடையில் சீவித் தர முடியுமா என்று கேட்கலாம். முடியாவிட்டால் அதே அளவு தேய்ந்த பழைய டயர் ஒன்றைத் தேட வேண்டும். வண்டி நின்றுபோனால் பிளாட்பெட் ரெக்கவரி வண்டியைத்தான் அழைக்க வேண்டும். முன்னால் தூக்கிப் பின்சக்கரம் உருள இழுத்துப் போனால் சென்டர் கிளட்ச் எரியும். பிரேக் சோதிக்கும் இரண்டு சக்கர ரோலரிலும் ஏற்றக் கூடாது.

பம்பை டிக்கிக்குள் இடம் மாற்றும் பிராக்கெட் கிட்டுகள் எவோ 10-க்கு வெளிநாட்டில் கிடைக்கின்றன. நகருக்குள் கூரையடியில் நிற்கும் வண்டிக்கு அது வீண்செலவு. கடலோரத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் இந்த வண்டிக்கு அவசியம் என்று பரிந்துரைத்திருக்கிறோம். நீளும் குழாய்களுக்கு உயரழுத்த ஹைட்ராலிக் ஹோஸ்தான் போட வேண்டும், பெட்ரோல் ஹோஸ் அல்ல. கிட் வரும்வரை ஏற்பாடு எளியது: கனெக்டரில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ், எர்த் முனையில் பாதுகாப்புப் பூச்சு, மாதம் ஒருமுறை வலது பின் லைனருக்குள் நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவல். பிரஷர் வாஷ் துப்பாக்கியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.